சைரன் காய்ச்சலும் நுளம்பு ஐயாவும்

நுளம்பு கடித்ததற்காகச் சந்தோஷப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நுளம்பு ஐயா. இரண்டாம் உலக யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் செல்லம்மாக்கா நடத்திய போர்டிங்கில் என் அடுத்த அறைக்காரர். கொழும்பில் டொக்டருக்குப் படித்து முடித்து, மேற்பட்டத்துக்காகத் தொழிலாளரின் காய்ச்சலை ஆராய வந்தவர். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் அவர்தான்.

"தம்பி, கடிச்சது எந்தக் கால்? காலமையோ, பின்னேரமோ?"

"நான் பாக்கேல்லை, ஐயா."

"கடிக்கேக்கை பாக்காமல் வேறை என்ன வேலை உங்களுக்கு?"

எனக்கு நிலக்கரிக் கொட்டிலில் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. அங்கே கரி சுமந்த கப்பல்துறை, கட்டைபறிச்சான் கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டு நோவும் காய்ச்சலுமாக விழுந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போய், ஊரே அரண்டு கிடந்த நேரம். எங்கள் போர்டிங்கிலேயே இருந்த, அவர்களை மேய்க்கும் ஓவசியர் அதற்குச் 'சைரன் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்.

"சைரனுக்குப் பயந்து படுக்கிறாங்கள். மாசக் கடைசியோடை எல்லாரையும் வேலையாலை நிப்பாட்டப் போறன்" என்றார். நிப்பாட்டினால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஐயா கொட்டிலுக்கு வந்து, குண்டு விழுந்தால் தீயணைக்க நிரப்பி வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாக்களுக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது புதையல் கண்ட முகம்.

"இஞ்சைதான் நுளம்பு குஞ்சு பொரிக்குது. பீப்பாவை மூடுங்கோ, காய்ச்சல் நிண்டிடும்."

ஓவசியர் சிரித்தார். "நுளம்பு கடிச்சு ஆர் ஐயா மூட்டு நோகப் படுத்தவன்?"

ஐயா நுளம்புப் புழுக்களைப் போத்தல்களில் பிடித்துவந்து, போத்தல் வாயில் மெல்லிய துணி கட்டி அறையில் வளர்த்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்காரரைப் போல எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் வடிக்கத் துணியில்லை என்று செல்லம்மாக்கா அந்தத் துணிகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

"தோய்ச்சுத்தானே வடிச்சனான்" என்பது அவருடைய நியாயம்.

நான் அப்போது கொட்டிலில் பிடித்த காய்ச்சலோடு படுத்திருந்தேன். விடுதலையான நுளம்புகள் என்னைக் கடித்துவிட்டு மற்றவர்களிடம் போயின. கொஞ்ச நாளில் ஓவசியர் உட்பட போர்டிங் முழுக்க முனகியது. ஐயாவுக்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை. அந்தக் கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஓவசியரின் கட்டிலருகே ஐயா கதிரையை இழுத்துப் போட்டார். "சைரன் கேட்டதோ?"

"இந்த மாசம் ஊதவே இல்லையே, ஐயா."

"அப்ப இது என்ன காய்ச்சல்?"

ஓவசியர் என் பக்கம் திரும்பினார். "ஒருத்தரையும் நிப்பாட்டப் போறேல்லை. பீப்பாவை மூடச் சொல்லுங்கோ."

"என்ரை நுளம்பாலைதானே உங்களுக்கு இந்தப் பாடு" என்று ஐயா கட்டில் கட்டிலாகக் கஞ்சி பருக்கினார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். நடுவில் குனிந்து, "முதல் நொந்தது எந்த மூட்டு?" என்றும் கேட்டார்.

இன்றைக்கும் நுளம்பு கடித்தால், அடிக்க ஓங்கிய கையை நிறுத்தி, எந்தக் கால், என்ன நேரம் என்று பார்த்துக்கொள்கிறேன். எப்போதாவது வந்து கேட்டுவிட மாட்டாரா என்று ஓர் ஆசை.