பரிசீலனையில் இருக்கும் யட்சி

பூதப்பாண்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பகவதியப்பன் வீட்டில் ஒரு வருஷமாக மீன் கறி இல்லை. மீன் விலை ஏறவில்லை, கடலும் வற்றவில்லை. எல்லாம் ஒரு யட்சியால் வந்த வினை.

'செம்பனைக் கோட்டை' என்ற சரித்திர நாவலின் முதல் பாகத்தை அவரும் மனைவி செல்லக்கனியும் மாறி மாறிப் படித்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் பனைமரத்து யட்சி இளவரசனை இடுப்போடு தூக்கி, கழுத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோகிறாள். அவ்வளவுதான், பாகம் முடிந்துவிட்டது. படுபாவி எழுத்தாளன்!

"கடிச்சுக் கொன்னிருப்பா" என்றார் பகவதியப்பன்.

"போங்க, அவனையே கெட்டிக்கிடுவா. காதுல ரகசியம் சொல்லப் போறா."

"யட்சிக்கு என்னட்டி ரகசியம்?"

"பொம்பளை மனசு ஒங்களுக்கு என்ன தெரியும்? சொன்னது தப்புன்னு ஒத்துக்கிடுத வரைக்கும் இந்த வீட்டுல சாளை மீன் புளிமுளம் கிடையாது."

அன்றிலிருந்து கஞ்சியும் துவையலும்தான். மனுசன் பாதியாக இளைத்துப்போனார்.

இரண்டாம் பாகம் வாசகசாலைக்கு வந்த அன்று, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். காரியதரிசி முத்துநாயகம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தரப்படாது வேய். அட்டையில சரித்திரம்னு போட்டிருக்கு. உள்ள பாத்தா யட்சி, குட்டிச்சாத்தான், எருமைத்தலைப் பூதம். சரித்திர புஸ்தகத்துல வாற ஜீவராசிகளை அந்தந்த இலாகா சரிபார்த்த பொறவுதான் வாசகர்களுக்கு வழங்கணும்னு மேலேருந்து உத்தரவு. நானே இன்னும் தொறந்து படிக்கல்ல."

"முதல் பாகத்துலயும் யட்சி உண்டும்லா?"

"அது உத்தரவுக்கு முந்தின யட்சி."



எருமை சம்பந்தப்பட்டிருந்ததால் புத்தகம் முதலில் கால்நடை அதிகாரியிடம் போனது. தலை மட்டும்தானே எருமை என்று அவர் தட்டிக்கழிக்கவில்லை. மழைக்காலம் முழுக்கப் பரிசோதித்து, "மேற்படி தலை நோய்நொடியின்றி உள்ளது. இளவரசன் அப்பாவி" என்று அறிக்கை தந்தார். குட்டிச்சாத்தான் கல்லெறிந்த விவகாரத்துக்காகப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வாங்கிப்போனார். கல்லெறி ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் குற்றவாளி திரும்பி வரக்கூடும் என்று கடைசிப் பக்கம் வரை கண்காணித்தார். பிறகு பனைமரத்துக்காக வனத்துறை. "பனை எமது இலாகாவைச் சார்ந்ததன்று என்பது இரண்டாம் முறை வாசித்ததில் உறுதியாயிற்று" என்று எழுதினார்கள்.

பகவதியப்பன் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் போய் நின்றார். "ஐயா, கடிச்சாளா, கெட்டினாளா? அதை மட்டும் சொல்லப்பிடாதா?"

"அரசாங்க ரகசியம்" என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் ஐம்பத்தாறாம் வருஷம் நவம்பர் வந்தது. நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊரெல்லாம் வெடி. இனிமேல் புத்தகம் கைக்கு வந்துவிடும் என்று பகவதியப்பனும் சேர்ந்து வெடி போட்டார். வந்தது ஒரு கேள்விதான்: "யட்சியின் பனை புதிய எல்லைக்கு அந்தப் பக்கம். இளவரசனின் கோட்டை இந்தப் பக்கம். இவர்களுக்குள் நடந்தது எந்த ராஜ்யத்து விவகாரம்?"

இதைத் தீர்க்க ஒரு கமிட்டி போட்டார்கள். எந்தக் கமிட்டி என்றாலும் அதில் ஒரு மாதர் பிரதிநிதி இருப்பதுதான் அப்போதைய நாகரிகம். பகவதியப்பனுக்கு மூளை பளிச்சென்றது. செல்லக்கனி பேரில் தானே விண்ணப்பம் எழுதிப் போட்டார். நியமனம் ஆயிற்று. புத்தகம் அரக்கு முத்திரையோடு வீடு வந்து சேர்ந்தது.

செல்லக்கனி அடுக்களையில் உட்கார்ந்து படித்தாள். சிரித்தாள், அழுதாள். கஞ்சி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. அவள் புத்தகத்தை மூடியதும் பகவதியப்பன் பாய்ந்து வந்தார்.

"ஏட்டி, கடிச்சாளா, கெட்டினாளா?"

"விஷயம் பரிசீலனையில இருக்கு."

"நான் ஒனக்குத் தாலி கெட்டினவன்டி!"

"அதுக்காவப் பொதுக்காரியத்துல சலுகை காட்ட முடியுமா? சொன்னது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொறவு தாறேன்."

"படிக்காம எப்படிட்டி போட?"

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுத வழக்கம் எந்த ஆபீசுல உண்டு?"

நியாயம்தானே! போட்டுக் கொடுத்தார். அன்று மத்தியானமே முட்டத்துச் சாளை புளிமுளமாகக் கொதித்து மணந்தது. வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, இடது கையால் பக்கத்தைப் புரட்டினார். எழுத்தாளன் பதிலைக் கடைசி அத்தியாயம் வரை இழுத்தடித்திருந்தான். அங்கே வந்ததும் இரண்டு கையும் நின்றுவிட்டன.

"ஏட்டி, கடிச்சுல்லா கொன்னுருக்கா!"

"அதுக்கு இப்பம் என்ன செய்ய? கையெழுத்துப் போட்டாச்சுல்லா. ஆறிப்போவும், தின்னுங்க."

வாசலில் முத்துநாயகம் வந்து நின்றார். பாவம், ஊரிலேயே அந்தப் புத்தகத்தைப் படிக்காத அதிகாரி அவர் ஒருவர்தான்.

"வேய், இன்னைக்காவது எனக்குத் தாரும். அதுக்க முன்னே ஒண்ணு மட்டும் சொல்லும். கடிச்சாளா, கெட்டினாளா?"

பகவதியப்பன் புத்தகத்தை மடியில் வைத்து மூடினார். ஒரு சாளையை எடுத்து, நிதானமாக முள்ளை உருவினார்.

"பரிசீலனையில இருக்கு வேய்."