பத்தாவது கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு முப்பத்திரண்டாவது ஆளும் தோற்றார்.

சமீனா பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். மாற்றமில்லை. முப்பத்திரண்டு பெயர்கள், முப்பத்திரண்டு பெருக்கல் குறிகள்.

பாடம் அவள் வடிவமைத்தது. குற்றாலத்தில் சீசனுக்கு அருவிக் காவல் நிற்பவர்கள் அதைப் போனிலேயே படித்து, போனிலேயே பரீட்சை எழுத வேண்டும். இருபது கேள்விகள். பத்தொன்பதில் எல்லோருக்கும் முழு மதிப்பெண். பத்தாவதில் எல்லோரும் தவறு.

பத்தாவதுதான் இருப்பதிலேயே எளிது. அருவிக்கரையில் புதிதாக ஒற்றை விளக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அளவாக விழுந்தால் பச்சை, பெருகினால் சிவப்பு. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள். 'தண்ணீர் பெருகுகிறது. எந்த விளக்கு எரியும்? தொடுங்கள்.' இதில் தவறினால் மற்ற பத்தொன்பதும் செல்லாது.

"அத்தன பேரும் பச்சையத் தொட்டிருக்கான்" என்றார் முஃபீத். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மூன்று மேசைகள் கொண்ட அந்த நிறுவனம் அவருடையது. "தண்ணி பெருகுனா உள்ள போயிக் குளிங்கன்னு சொல்லுவானுவ போலிருக்கு."

"கலர் சரியாத் தெரியலையோ என்னவோ, அண்ணே."

"என்னமும் பண்ணு. ஆளுக்கு மூணு வாய்ப்பு. ஒண்ணு போச்சு. வெள்ளிக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள முப்பத்திரண்டு பேரும் பாஸாகணும். இல்லன்னா அடுத்த பாடம் நமக்கு வராது. உன்னைய நிரந்தரம் பண்ணுத பேச்சும் கெடையாது."

நிரந்தரமானால் தென்காசி. இல்லாவிட்டால் ஷார்ஜா. அங்கே வேலை பார்க்கும் கணவன் அஹ்சனோடு அவள் செய்துகொண்ட ஏற்பாடு அது. விசாவுக்கான படிவத்தை அவன் நிரப்பி வைத்திருந்தான். வீட்டைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சமையலறை ஜன்னல் தெரிந்தது.

சமீனா வண்ணங்களைப் பார்த்தாள். செங்கல் நிறச் சிவப்பு, பாறைப் பாசி நிறப் பச்சை. கண்ணை உறுத்தாத நிறங்கள். இரண்டு நாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டின் வெளிச்சத்தையும் அவள் சமமாக்கியிருந்தாள்.

சுடலைக்கண்ணுவுக்குப் போன் செய்தாள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காவலர்களின் மேற்பார்வையாளர்.

"சார், வட்டத்துக்குள்ள சிவப்பு, பச்சைன்னு எழுதிரட்டுமா?"

"எழுதிப் போட்டா அப்புறம் என்னம்மா பரீட்சை? அங்கன விளக்கு மேல எழுதியா வச்சிருக்கு?"

"ஒரு குறியாவது போடுதேன் சார். கலர மட்டும் நம்பி எதையும் வைக்கக் கூடாதுன்னு எங்க வேலையில ஒரு விதி இருக்கு."

"எங்க வேலையில சிவப்புன்னா சிவப்பு. குறியெல்லாம் வேண்டாம். கலர நல்லா அடிச்சு விடு."

அடித்து விட்டாள். ரத்தச் சிவப்பு. வாழையிலைப் பச்சை. வெளிச்சத்தை மறுபடியும் சமமாக்கினாள்.

முஃபீத் எட்டிப் பார்த்தார். "தேர்தல் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

"தெரியுதுல்லா?"

"பாவூர்சத்திரம் வரைக்கும் தெரியும்."

புதன்கிழமை காலை முப்பத்திரண்டு பேரும் மறுபடி தோற்றார்கள்.

அறிக்கையில் ஒரே ஒரு விஷயம்தான் ஆறுதல். ஆறு மணிக்கு முதல் ஆள் நுழைந்திருந்தார். அதன் பிறகு ஆறு நிமிடத்துக்கு ஒருவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையவே இல்லை. இப்படி ஒரு வரிசையை எந்த நிறுவனத்திலும் அவள் பார்த்ததில்லை. சுடலைக்கண்ணுவிடம் சொன்னாள்.

"ஒழுங்கு" என்றார் அவர். குரலில் பெருமை இருந்தது. "நான் பழக்கி வச்சது. ஆனா எல்லாவனும் ஃபெயிலாயிருக்கான். அது நீ பழக்கினது."

அவள் அறிக்கையை இன்னொரு முறை படித்தாள். இரண்டு தடவையும் எல்லோரும் வலப்பக்க வட்டத்தையே தொட்டிருந்தார்கள். பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். தொடுவது மிக எளிது. மனம் போகும் முன் கட்டைவிரல் போய்விடுகிறது. கைக்கு வேலை கொடுத்தால் கண்ணும் பார்க்கும்.

"அப்ப சிவப்பத் தூக்கி வலப்பக்கம் வையி" என்றார் முஃபீத்.

"அது ஏமாத்து, அண்ணே. அருவியில குளிக்க வந்த ஆளு செத்துப் போவான்."

அன்று முழுவதும் அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு கம்பம் நட்டாள். சரியான விளக்கை விரலால் இழுத்துக் கம்பத்தில் மாட்ட வேண்டும். இழுக்கும்போது அருவிச் சத்தம் கூடும். போன் கையில் அதிரும். விளக்குகள் ஆளுக்கு ஆள் இடம் மாறும். ஒருவருக்குச் சிவப்பு இடப்பக்கம் என்றால் அடுத்தவருக்கு வலப்பக்கம் வரலாம். மூன்றாவது வாய்ப்பு. சாயங்காலம் அனுப்பினாள்.

அஹ்சன் கேட்டான். "என்னாச்சு?"

"நாளைக்குச் சொல்லுதேன்."

வியாழக்கிழமை காலை பதினேழு பேர் தேறினார்கள்.

முஃபீத் டீ சொன்னார். டீ வருவதற்குள் சுடலைக்கண்ணு கூப்பிட்டார்.

"மத்த பதினஞ்சு பேரும் குருடனாம்மா?"

"அப்பிடி இல்ல சார்…"

"பின்ன எப்பிடி? நேத்து வரைக்கும் எல்லாவனும் ஃபெயிலு. பாடம் சரியில்லன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னைக்குப் பாதிக்கு மேல பாஸு. அப்ப பாடம் சரி, ஆளுதான் சரியில்லன்னு ஆயிட்டு. பதினஞ்சு பேர வீட்டுக்கு அனுப்பணும். அதுல ஒருத்தன் இசக்கிதுரை. எம் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவன். அவன அனுப்பிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

முஃபீத் போனை வாங்கினார். "சார், கண்ணுல கோளாறு இல்லன்னு எழுத்துல வாங்கிக் குடுத்தா இன்னொரு வாய்ப்பு கேக்கலாம்."

"கோளாறு இருந்தா?"

முஃபீத் போனை வைத்துவிட்டு, "எல்லாம் ஒரே ஊர்க்காரனுவ. மாமன் மகள், அத்த மகள்னு கட்டிருப்பானுவ. குடும்பத்துலயே இருக்கும்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குச் சமீனா பேருந்தில் குற்றாலம் போய் இறங்கினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவிக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் பதினைந்து பேர் காக்கிச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஒரு கண் மருத்துவமனையிலிருந்து குழல்வாய்மொழி என்ற பெண் வந்திருந்தாள். அவள் கையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். நிறம் பிரித்துப் பார்க்க முடிந்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

முதல் ஆள் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு" என்றார். "எட்டு. இருபத்தொம்பது."

இரண்டாவது ஆளும் சொன்னார். மூன்றாவது ஆளும் சொன்னார். சுடலைக்கண்ணு ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இசக்கிதுரை முறை வந்தபோது ஆட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு. எட்டு. இருபத்தொம்பது. அடுத்த பக்கமும் இருக்காம்மா?"

குழல்வாய்மொழி புத்தகத்தை மூடினாள். "பதினஞ்சு பேருக்கும் பருந்துக் கண்ணு, சார். இதுல ஒரு குத்தமும் இல்ல." சற்று யோசித்தாள். "அந்தப் பாடத்துக்குக் கலர் போட்டது யாரு?"

பதினைந்து பேரும் சமீனாவைப் பார்த்தார்கள்.

"உக்காருங்கக்கா" என்றாள் குழல்வாய்மொழி.

சமீனா உட்கார்ந்தாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பச்சை உண்மையில் பச்சைதானா? முதல் பக்கத்தில் ஒரு கணம் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. பிறகு எண் மேலே வந்தது.

"பன்னெண்டு."

"சத்தமாச் சொல்லும்மா" என்றார் சுடலைக்கண்ணு.

"பன்னெண்டு. எட்டு. இருபத்தொம்பது."

"இவங்களுக்கும் ஒண்ணும் இல்ல, சார்."

"அப்ப யாருக்குத்தான் கோளாறு?"

சமீனா எழுந்து இசக்கிதுரையிடம் போனாள்.

"அண்ணாச்சி, பத்தாவது கேள்வி நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? நல்லாத் தெரிஞ்சுது."

"பொறவு ஏன் பச்சைய எடுத்திய?"

இசக்கிதுரை சுடலைக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "கை வழுக்கிட்டும்மா."

"மூணு தடவையுமா?"

"எந்நேரமும் ஈரக் கையில்லா."

"சரி. இப்ப துடைச்சிட்டு எழுதுங்க. பதினஞ்சு பேரும் இங்கனயே எழுதுங்க. நான் பக்கத்துல நிக்கேன்."

வரிசை கலைந்தது. ஒருவர் போனில் சார்ஜ் இல்லை என்றார். இன்னொருவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏலே, அந்தப் பிள்ள சொல்லுதுல்லா? எடுங்கலே போன!" என்றார் சுடலைக்கண்ணு.

இசக்கிதுரை போனை எடுத்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைத் தொடாமல் நின்றார்.

அப்போது விசில் கேட்டது.

அருவி கலங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே பாறை விளிம்பில் தண்ணீர் ஒரு முழம் தள்ளி விழுந்தது. கரையில் அந்த ஒற்றை விளக்கு சிவந்தது. அடுத்த நொடியில் கொட்டகையில் ஒருவரும் இல்லை. பதினைந்து பேரும் ஓடினார்கள். கரையில் நின்ற பதினேழு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"வெளிய வாங்க! ஏட்டி, சோப்ப விட்டுட்டு வா! அண்ணாச்சி, தல துவட்டுதத அங்கன வச்சுக்கிடலாம், ஏறும் ஓய்!"

இசக்கிதுரை இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மூன்று நிமிடத்தில் அருவிக்கரை காலியாகிவிட்டது. நான்காவது நிமிடத்தில், பெண்கள் நின்றிருந்த இடத்தின் மேல் ஒரு மரக்கட்டை வந்து விழுந்தது.

சுடலைக்கண்ணு சமீனாவிடம் திரும்பினார். முகத்தில் சாரல் வழிந்தது.

"பாத்தியாம்மா? சிவப்பு தெரியாதவனுவளா இவனுவ?"

"இல்ல சார்."

"பின்ன?"

சமீனா கரையில் எரிந்த சிவப்பு விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கடைசி வாய்ப்பு. வரிசையா எழுதுவானுவ. இப்ப இவனுவ கரைய விட்டு நகர முடியாது. நீ ராத்திரிக்குள்ள அந்தப் பத்தாவதுல என்ன பண்ணணுமோ பண்ணு. இல்லன்னா பதினஞ்சு குடும்பம் உன்னையத்தான் கேக்கும்."

இசக்கிதுரை குழந்தைகளை இறக்கிவிட்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "இந்த மழையில பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கிய? நம்ம முப்பிடாதி ஆட்டோ நிக்கி." ஆட்டோக்காரரிடம் குனிந்து, "பத்திரமாக் கொண்டு விடு. வழியில பேச்சுக் குடுக்காத" என்றார்.

முப்பிடாதிக்கு ஐம்பது வயதிருக்கும். இலஞ்சி விலக்கு வரைக்கும் சொன்னபடியே பேசாமல் ஓட்டினார். இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள் நனைந்து நின்றன. சமீனா மடியில் மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு விளக்குகளும் ஒரு கம்பமும். நிறத்தில் குறை இல்லை. பாடத்தில் குறை இல்லை. கண்ணில் குறை இல்லை. மாற்றுவதற்கு எதுவும் மீதமில்லை. மூடினாள்.

அஹ்சனிடமிருந்து செய்தி வந்திருந்தது. "படிவத்துல தேதி போடட்டுமா?"

தென்காசிக்குள் நுழைந்ததும் சிக்னல் சிவப்பில் இருந்தது. முன்னால் ஒரு பேருந்து நின்றது. அதன் பின்னால் முப்பிடாதி ஆட்டோவை நிறுத்தினார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அந்தப் பாடம் செஞ்சது நீங்கதானாம்மா?"

"ஆமா."

"அருமையா இருக்கு. அந்த அருவிச் சத்தம் வருது பாருங்க, அப்பிடியே நேர்ல நிக்க மாதிரி. போன் வேற கையில கெடந்து நடுங்குது."

மூன்று நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. சமீனா நிமிர்ந்தாள்.

"நீங்க எங்கண்ணாச்சி பாத்திய?"

பேருந்து நகர்ந்தது. முப்பிடாதியும் கியரைப் போட்டார்.

"அந்தப் பயலுவளுக்குப் போன்ல பேச மட்டுந்தான் தெரியும், முப்பத்திரண்டு பேருக்கும் ஸ்டாண்டுல உக்காந்து நாந்தான எழுதுதேன்; எல்லாம் சரிம்மா, அந்தப் பத்தாவதுல மட்டும் எதுக்கு ரெண்டு விளக்கையும் ஒரே கலர்ல வச்சிருக்கிய?"