யாரும் தொடாத ஆறாம் படி

மே 14, வியாழன், ஹோபார்ட்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். மென்பொருள் நிறுவல் கையேட்டின் ஆறாம் படியில் இருந்த செத்த இணைய முகவரியைத் திருத்தினேன். நான் படிக்கும் மாலைநேரக் கணினி வகுப்பில் சொல்லித்தந்தபடியே மூன்று முறை சரிபார்த்தேன், ஆனாலும் பிழைதான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாழ்க லாக்லன், கடல் ஏற்றவற்றம் கணிக்கும் எங்கள் கட்டற்ற மென்பொருளின் கணிதச் சிங்கம், சம்பளம் வாங்காச் சான்றோன், விசைப்பலகை அதிரச் சூத்திரம் எய்யும் வில்லாளன். வாழ்க ப்ரான்வின், திரைக்கு வண்ணம் தீட்டிய திருமகள், பொத்தான்களின் பேரரசி. மாலை ஆறு மணிக்கு நூலக அறையில் குழுக் கூட்டத்துக்கு இவ்விருவரும் எதிரெதிரே அமர, நிறுவல் கையேட்டைப் பற்றிய இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள் சுவர்த்திரையில் படையென அணிவகுத்து நிற்க, அவற்றின் முன்னணியில் நின்றது ப்ரூனி தீவில் சிப்பி வளர்க்கும் க்ளெனிஸின் மூன்றாம் மடல்:

“ஞாயித்துக்கிழமை தண்ணி நல்லா வத்தும். அன்னைக்கு விட்டா கூடைங்கள திருப்ப ரெண்டு வாரம் ஆகும், பாதி சிப்பி செத்துடும். நேரம் பாக்கலாம்னா உங்க ஆறாம் படியைத் தாண்ட முடியல. யாராவது இருக்கீங்களா?”

லாக்லன் முழங்கினான்: “ஆறாம் படியா? அது ப்ரான்வின் வேலை.”

“நானா? நான் தொட்டது முகப்புப் படம் மட்டும்தான்பா. பதிவ எடுத்துப் பாரு.”

“ஒரு வரிதானே, திருத்திடேன்.”

“ஒரு வரிதானே, நீயே திருத்திடேன்.”

இரு மதயானைகள் ஒற்றை வாயிலில் நின்று ஒன்றையொன்று முதலில் போகச் சொல்லி உபசரித்ததைப் போல, சூத்திரம் வல்லானும் வண்ணம் வல்லாளும் நாற்பது நிமிடம் மல்லாடினர். எந்தக் கணினிக் கோப்பானாலும் கடைசியாகத் தொட்டவரே அதன் காவலர், அதைப் பற்றிய புகாரெல்லாம் அவருக்கே என்பது அக்குழுவின் மாறாச் சட்டம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கையேட்டைத் தொட்ட டக்ளஸ் பெர்த்துக்கே குடிபெயர்ந்துவிட்டார். குழுவுக்குப் புதியவளான எனக்கு அந்தச் சட்டம் அப்போது தெரியாது. க்ளெனிஸின் கூடைகள்தான் நினைவில் இருந்தன. மேசைக்கடியில் மடிக்கணினியைத் திறந்து, புது முகவரியை இட்டு, அனுப்பினேன்.

சுவர்த்திரை மாறி என் பெயரைக் காட்டியது. “காவலர்: மெரின்.”

போர் ஓய்ந்தது. லாக்லன் திரும்பிப் பார்த்தான். “தொட்டுட்டியா?”

“ஒரு வரிதான்,” என்றேன்.

“டக்ளஸும் இதையேதான் சொன்னான்.”

ப்ரான்வின் தட்டில் மிஞ்சியிருந்த கடைசி லேமிங்டன் கேக்கை என் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு பா. இனிமே தெம்பு வேணும்.”

அப்போதே இருநூற்றுப் பன்னிரண்டு புகார்களும் என் அஞ்சல் பெட்டிக்குள் ஆரவாரத்துடன் புகுந்தன. வீடு வந்தபோது இருநூற்றுப் பதிமூன்றாவதும் வந்திருந்தது. க்ளெனிஸ் எழுதியிருந்தார்: “ஆறு தாண்டிட்டேன், நன்றிம்மா. ஏழு ஓடல.”

நாளை வகுப்புக்குப் போகும் முன் ஏழாம் படியைத் திருத்த வேண்டும்.