கடன் இல்லாத கிறிஸ்துமஸும் அப்பாவின் நாற்காலியும்

“இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுல ஒரு பைசா கடன் கிடையாது!”

அப்பா எழுந்து நின்று அறிவித்தார். அம்மா யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. சண்டைக்கு வரவில்லை. “சரிங்க” என்றாள்.

அந்த “சரிங்க”விலேயே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பாவின் வேலையே கடன் வசூல்தான். டிவி, கட்டில், பீரோ எல்லாம் தவணையில் விற்கும் ஒரு கடைக்காக, திங்கட்கிழமைதோறும் தெருத்தெருவாக சைக்கிளில் போய்ப் பணம் வாங்கி வருவார். அவர் மணியடித்தால் தெருவே கதவைச் சாத்தும். ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை வெளியே வந்து, “ஐயா வெளியே போயிருக்காரு, அடுத்த திங்கக்கிழமை வாங்க” என்று ஒப்பிக்கும். அந்த ஐயா உள்ளே கட்டிலுக்கு அடியில் தும்முவார். அப்பாவுக்குத் தெருக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திங்கக்கிழமை’. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தாலும், “திங்கக்கிழமை வருது பார்” என்றுதான் சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்டவர் போன கிறிஸ்துமஸுக்கு என்ன செய்தார்? சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியைத் தன் கடையிலேயே தவணையில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடையில் ஊழியருக்கென்று சலுகை கிடையாது. எல்லாருக்கும் போல வீட்டு வாசலில்தான் வசூல். அப்போது எங்கள் தெரு வேறொரு வசூல்காரரிடம் இருந்தது. அவர் மணியடித்தால் அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். வாசலுக்குப் போய்ப் பொய் சொன்னது யார்? நான்தான்.

அதோடு போனதா? பள்ளிக்கூடம் முடித்தவுடன் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் படிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பீஸ் டிவியில் போய்விட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கேயோ சேர்ந்துவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, என் படிப்பை விழுங்கிய டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஜனவரியிலும் சேராவிட்டால் அப்புறம் படிப்பு கிடையாது, அம்மா தைக்கும் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதுதான் என் வேலை. கடன் வாங்கியது அப்பா. படிப்பு போனது எனக்கு. ஆனால் அப்பா வெளியில் என்ன சொல்வார் தெரியுமா? “நம்ம வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் ஓட்டைக் கை.” அம்மாவுக்கா ஓட்டைக் கை! அவள் பழைய சட்டையின் காலரைத் திருப்பித் தைத்து இன்னொரு வருஷம் ஓட்டுகிறவள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. மரமும் நட்சத்திரமும் பரணில் இருக்கும் பழசு. பரிசு கொடுக்கலாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளைத்தான் கொடுக்க வேண்டும்.

“எதை வேணா குடுக்கலாமா?” என்று கேட்டாள் அம்மா.

“வீட்டுக்குள்ள இருக்கற எதை வேணா.”

“யாருக்கு வேணா?”

“பின்னே? பரிசுன்னா அதானே!”

“வாங்கினவங்க பிடிக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கினா?”

“அதெல்லாம் கூடாது. குடுத்தது குடுத்ததுதான். வாங்கினவங்க திருப்பித் தரக் கூடாது, குடுத்தவங்க திருப்பிக் கேக்கக் கூடாது. அடிச்சு சத்தியம் பண்ணுங்க ரெண்டு பேரும்.”

அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் உள்ளங்கையில் அடித்து சத்தியம் செய்தாள். சுளீர் என்று சத்தம் கேட்டது. அப்பா கையை உதறிக்கொண்டார். அடுத்து நானும் அடித்தேன்.

கடைசி நிபந்தனையை அப்பா ஏன் போட்டார் என்று எனக்குத் தெரியும். கைப்பிடி போன குக்கருக்குப் புதுக் கைப்பிடி மாட்டி அம்மாவுக்கே பரிசாகக் கொடுக்கப் போகிறார். அது திரும்பித் தன் தலைக்கே வந்துவிடக் கூடாது என்ற பயம்.

எங்கள் முன்னறையில் ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் முழுக்க அப்பாவின் சாய்வு நாற்காலி. கறுப்பு மெத்தை வைத்தது. அவரைத் தவிர யாரும் அதில் உட்காரக் கூடாது. அம்மா தையல் மெஷினோடு இருட்டு மூலையில், பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு தைப்பாள். “அந்த வெளிச்சத்துல மெஷினைப் போட்டா கண்ணாவது மிஞ்சும்” என்று அவள் கேட்காத மாதம் இல்லை. “நாள் பூரா சைக்கிள் மிதிச்சவன் உக்கார ஒரு இடம் வேணாமா?” என்று அப்பா சொல்லாத மாதமும் இல்லை.

அந்த நாற்காலிக்குள் ஒரு ரகசியம் இருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதாவது, அப்படி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என் பீஸுக்கு அப்பா மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தை மெத்தைக்குள் வைத்து, கோணி ஊசியால் தைத்திருந்தார்.

“அம்மாகிட்ட மூச்சு விடாதே பாப்பா. பண்டிகை செலவுன்னு எடுத்துடுவா.”

நான் விடவில்லை. அவ்வளவு நல்லவள் நான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா கடையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை மடித்துக்கொண்டு வந்தார். பாட்டுப் போடும் பெட்டி. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். வருஷக் கடைசித் தள்ளுபடி. நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்தார். கை மட்டும் மெத்தையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தது.

“பாப்பா, உன் பீஸ் கட்ட ஜனவரி வரைக்கும் டைம் இருக்குல்ல?”

“அப்பா!”

“இல்ல, சும்மா கேட்டேன். டைம் இருக்கான்னு.”

“அப்பா!!”

மூலையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது. அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், வாசலில் மாமா நிற்கிறார். அம்மாவின் தம்பி. எப்போதும் பஸ்ஸில் வருகிறவர் அன்று ஒரு சரக்கு வண்டியில் வந்திருந்தார்.

“என்ன மச்சான், வண்டியெல்லாம்?” என்று அப்பா சிரித்தார்.

“பிரெண்டோட வண்டி மச்சான். சும்மா நின்னுச்சு. எடுத்துட்டு வந்தேன்.”

பழைய நட்சத்திரத்தில் பாதிதான் எரிந்தது. போகட்டும். பரிசு நேரம் வந்தது. அப்பா முதலில் எழுந்தார். அம்மாவுக்குக் குக்கர். அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, “எவ்வளவு நல்ல கைப்பிடி!” என்றாள். மாமாவுக்கு ஒரு குடை. போன மழையில் அதை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனதே மாமாதான். எனக்கு அப்பாவின் பழைய வசூல் பை. வார் அறுந்திருந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி! “பாத்தீங்களா? செலவே இல்லாம பண்டிகை!”

“நான் இன்னும் குடுக்கலையே” என்றாள் அம்மா. “தம்பி, உனக்கு என் பரிசு, அந்த ஜன்னலோரத்து நாற்காலி. தூக்கு.”

அப்பாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

“அது... அது நான் உக்கார்றது!”

“வீட்டுக்குள்ள இருக்கற பொருள்தானே?”

“பொருள்தான். ஆனா என்னோடது!”

“அது பேச்சுல இல்லையே. எதை வேணான்னீங்க, யாருக்கு வேணான்னீங்க.”

“அடியே, நாற்காலி போகட்டும். மெத்தையை மட்டும் வச்சுட்டுப் போகச் சொல்லு!”

“மெத்தை இல்லாம அது நாற்காலியா, எலும்புக்கூடா? தம்பிக்கு இடுப்பு குத்தும்.”

மாமாவோ ஏற்கெனவே கயிறு கொண்டுவந்திருந்தார். சும்மா நின்ற வண்டியில் கயிறு எப்படி வந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நானும் அப்பாவும் கண்ணாலேயே அலறினோம். வாயைத் திறந்தால் ரகசியம் போச்சு, பணமும் போச்சு. வண்டி தெருமுனை திரும்பும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“உனக்கு அப்புறம்” என்று குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் என்னை கேரியரில் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்கு அப்பா மிதித்தார் பாருங்கள், வசூலுக்குக்கூட அப்படி மிதித்ததில்லை. மாமா வேலைக்குப் போய்விட்டார். அத்தை நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே! நாற்காலின்னா இதுதான் நாற்காலி. எழுந்திருக்கவே மனசு வரல.”

“கொஞ்சம் எழுந்திரும்மா.”

“ஏண்ணே?”

அப்பா யோசித்தார். யோசித்தால் அவருக்கு எப்போதும் ஆபத்துதான். “அது... மூட்டைப்பூச்சி இருக்கு.”

அத்தை துள்ளிய துள்ளலில் டீ என் மேல். அப்பா மெத்தையைக் கவிழ்த்துப் போட்டுத் தையலைத் தேடினார். நானும் குனிந்தேன். வெள்ளைக் கோணி நூலைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு நூலில், எறும்பு வரிசைபோல நுணுக்கமான தையல். பிறந்ததிலிருந்து அந்தத் தையல் உள்ள துணியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாருடையது என்று சொல்ல வேண்டுமா? அப்பா தையலைப் பிரித்துக் கையை முழங்கை வரை விட்டார். பஞ்சு வந்தது. பஞ்சு மட்டும்தான் வந்தது.

“மூட்டைப்பூச்சி நாற்காலியையா அண்ணே பரிசுன்னு குடுத்து விட்டீங்க?”

“தப்புதான். திருப்பி எடுத்துட்டுப் போயிடறேம்மா!” அப்பாவின் முகம் மலர்ந்தது.

“அது முடியாதே. வாங்கினா திருப்பித் தரக் கூடாதுன்னு அண்ணி சத்தியம் வாங்கிட்டுத்தானே குடுத்தாங்க. பரவால்லண்ணே, வெயில்ல போட்டுக்கறேன்.”

வீட்டுக்கு வந்தோம். ஜன்னலோரத்தில் தையல் மெஷின். அம்மாவின் முகமெல்லாம் வெளிச்சம். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள்.

“பஞ்சையெல்லாம் திருப்பி உள்ள வச்சீங்களா?”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அப்பா.

“தையக்காரி வீட்டுல, கறுப்பு மெத்தையில, வெள்ளைச் சாக்கு நூலு! அதுவும் விரலளவுக்கு ஒரு தையல். காலாலயா தைச்சீங்க? நான் என்ன கண்ணைக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கேன்?”

“பணம் எங்கடி?”

அம்மா மெஷின் டிராயரைத் திறந்து ஒரு ரசீதை எடுத்து என்னிடம் நீட்டினாள். பயிற்சி நிலையத்து ரசீது. என் பெயர். முழுப் பீஸ். பாட்டுப் பெட்டித் தாள் வீட்டுக்கு வந்ததற்கு மறுநாள் தேதி.

“இதுவும் வீட்டுக்குள்ள இருந்த பொருள்தான். பாப்பாவுக்கு என் பரிசு. யாரும் திருப்பிக் கேக்கக் கூடாது.”

எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் வந்தது. “நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ராத்திரி பூரா தூங்கல நான்!”

“நீ என்கிட்ட மெத்தையைப் பத்திச் சொன்னியா?”

ஒரு நியாயமும் இல்லாத வீடு.

அதன் பிறகு அப்பா உட்கார இடம் தேடி வீடு முழுக்க அலைந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், முதுகு பிடித்தது. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார், வாளி உடைந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தார், மாடி வீட்டுக்காரர் மிதித்துவிட்டுப் போனார்.

“ஒரு நாற்காலி வாங்கிக்கங்களேன். நானா வேணாங்கறேன்?” என்றாள் அம்மா, நூல் கோத்துக்கொண்டே.

“கையில காசு எங்க இருக்கு?”

“ஊருக்கெல்லாம் சொல்வீங்களே, ‘சுலபத் தவணை, தெரியவே தெரியாது’ன்னு. பண்டிகைதான் முடிஞ்சு போச்சே. இது கிறிஸ்துமஸ் கடன் ஆகாது.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இந்தத் தடவை போவது என் பீஸ் இல்லை. அன்று மாலையே புது நாற்காலி வந்துவிட்டது. ஜன்னலோரம் காலியில்லை. இருட்டு மூலையில் போட்டோம்.

புது வருஷத்தில் கடையில் தெருக்களை மாற்றிப் பிரித்தார்கள். எங்கள் தெருவையும் அப்பாவின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். முதல் திங்கட்கிழமை. நான் வகுப்புக்குப் போகப் புத்தகங்களை அந்த வார் அறுந்த பையில் வைத்துக்கொண்டிருந்தேன். வார் இப்போது அறுந்திருக்கவில்லை. எறும்பு வரிசைத் தையல். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. மணிச் சத்தம் நெருங்கி எங்கள் வாசலில் நின்றது. எட்டிப் பார்த்தேன். அப்பா, கையில் ரசீதுப் புத்தகத்தோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார்.

“அம்மா, திங்கக்கிழமை வந்திருக்காரு. நாற்காலித் தவணைக்கு.”

ஜன்னலோர வெளிச்சத்தில் அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை.

“ஐயா வெளியே போயிருக்காரு, அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லு.”