ஏதென்ஸ் அண்ணர் நாடு கடத்தப்பட்ட ஞாயிற்றுக்கிழமை

ஆக்லாந்து நகரத்தில் ஜனநாயகத்தால் படுக்கையை இழந்த ஒரே மனிதர் ஏதென்ஸ் அண்ணர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவருடைய பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு லின்ஃபீல்டின் மேட்டுத் தெருவில் நான் நடந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு குடையும் ஓட்டை போட்ட தயிர் வாளியுமாக எனக்கு முன்னால் போனார். வெளியேற்றப்பட்டவர் அவர், மூச்சு வாங்கியது எனக்கு. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. நியாயப்படி அன்றைக்கு என் பெட்டிதான் அந்தத் தெருவில் போயிருக்க வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. பழைய கிரேக்கர்களைப் பற்றிய புத்தகங்களைத் தவிர வேறு சொத்து அவருக்கு இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸ் நகரம் எப்படி நடந்ததோ, அப்படித்தான் எங்கள் மூன்று அறை வீடும் நடக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

வாரா வாரம் கழிவறை கழுவுகிற ஆளைக் கடலை தீர்மானித்தது. ஒரு டப்பாவில் வெள்ளைக் கொண்டைக்கடலையும் ஒரே ஒரு கறுப்புக் கடலையும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். அவருக்கே தொடர்ந்து நாலு வாரம் கறுப்பு விழுந்தது. "திருவுளச்சீட்டு, ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக் கூட்டத்தில் பேசுவதற்குத் தயிர் வாளிதான் கடிகாரம். அடியில் ஓட்டை. தண்ணீர் வடிந்து முடிந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அவர் பேசும்போது மட்டும் ஓட்டையில் அவருடைய சுண்டுவிரல் இருக்கும்.

ஒருமுறை ஒரு டப்பா ஐஸ்கிரீமுக்காக மலேசியா சிவாவுக்கும் கோயமுத்தூர் மாணவன் பிரபுவுக்கும் சண்டை வந்தது. அண்ணர் டப்பாவை மேசை நடுவில் வைத்து, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் இருபத்தேழு வருஷம் அடித்துக்கொண்ட கதையை ஆரம்பித்தார். கதை முடிந்தபோது மூடிக்கு வெளியே பால் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியளோ? ரெண்டு பேருக்கும் இல்லை. அந்தச் சண்டையும் இப்பிடித்தான் முடிஞ்சது" என்றார்.

தத்துவமும் உண்டு. முன்பு ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்திருக்கிறார். "உள்ளே போகலாமா?" என்று கேட்டவர்களிடம் "எது உள்ளே, எது வெளியே எண்டு முதல்லை முடிவெடுப்பம்" என்று தொடங்குவாராம். மூன்றாம் நாள் வாசலில் லாரி வரிசை நின்றது. நாலாம் நாள் அவர் வெளியே நின்றார்.

இந்த வீட்டுக்கு நான் ஆறாவதாக வந்து சேர்ந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூன்று நாடு சுற்றியாயிற்று. பழம் பறிக்கும் வேலை முடிந்த பிறகு ஒருவருடைய கார் ஷெட்டில் மூன்று வாரம் படுத்திருந்தேன். மழை பெய்தால் ஒரு பக்கமாகப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணர் என்னைக் கூட்டிவந்து, வாளியில் தண்ணீர் ஊற்றி, எனக்காகப் பேசி, மூன்றுக்கு இரண்டு வாக்கில் உள்ளே எடுத்தார். இரண்டே வாரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வாடகை ஒப்பந்தம் ஐந்து பேருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவர் போக வேண்டும்.

யார் போவது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வந்தவன் நான். வேலை இல்லாதவன். குறட்டை வேறு.

"சும்மா ஒருத்தரைக் கலைக்கேலாது. ஓட்டுச் சில்லு போடுவம்" என்றார் அண்ணர். உணவகத்தில் உடைந்த தட்டுகளை அவர் சேர்த்து வைத்திருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. சில்லில் ஆணியால் ஒரு பெயரைக் கீற வேண்டும். அதிகச் சில்லுகளில் பெயர் வருகிறவர் பத்து வருஷத்துக்கு வெளியேற வேண்டும்.

"குடவோலை மாதிரியா அண்ணா?" என்று பிரபு கேட்டான்.

"அது ஆளை உள்ளை எடுக்கிறது, தம்பி. இது ஆளை வெளியிலை போடுறது. ஆனா குற்றமும் இல்லை, அவமானமும் இல்லை. பத்து வருஷத்தாலை திரும்பி வரலாம்."

தமிழில்தான் கீற வேண்டும் என்று ஒரு விதி. சிவாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும். அவன் சில்லை அண்ணரிடமே நீட்டினான்.

"அண்ணே, நீங்களே எழுதிக் குடுங்க லா."

"ஆற்றை பேர்?"

"உங்க பேருதான். கோவிச்சுக்காதீங்க. பல் விளக்கறப்பகூட யுத்தம் சொல்றீங்க. காது வலிக்குது லா."

அண்ணருடைய முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, இது நடந்தது! அங்கையும் எழுதத் தெரியாத ஒருத்தன் ஒரு பெரிய மனுசனிட்டையே போய் அந்த மனுசன்ரை பேரை எழுதித் தரச் சொன்னவன்! அவர் மறுக்காமல் எழுதிக் குடுத்தவர்!" என்று கூவிக்கொண்டே அழகாகக் கீறிக் கொடுத்தார்.

நானும் கீறினேன். ஒளிக்க ஒன்றுமில்லை, அவர் பெயரைத்தான். ஷெட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை.

சில்லுகளை அவரே எடுத்து வாசித்தார். என் பெயர் இரண்டு. என் அறையில் படுக்கிற வவுனியா அண்ணன் தம்பி இரண்டு பேருடைய வேலை. சிவாவின் பெயர் ஒன்று. ஐஸ்கிரீமை மறக்காத பிரபு. ஏதென்ஸ் மூன்று.

அவர் மட்டும் எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டினார்.

பேருந்து நிறுத்தத்தில் பெட்டியை இறக்கியபோது அவர் சட்டைப் பையிலிருந்து அந்த மூன்று சில்லுகளையும் எடுத்து ரசித்தார். நானும் பார்த்தேன். கோணல் எழுத்து என்னுடையது. மற்ற இரண்டும் ஒரே கை. குண்டு குண்டான அழகான எழுத்து. ஒன்று சிவாவுக்கு எழுதிக் கொடுத்தது. அப்படியானால் இன்னொன்று?

"அண்ணே, உங்க ஓட்டையும் உங்களுக்கேவா போட்டீங்க? எனக்குப் போட்டிருந்தா நான்தானே போயிருப்பேன்?"

"விசரே உமக்கு? அங்கை பெரிய ஆக்களைத்தான் வெளியிலை போடுறது. படை நடத்தினவன், சபையைக் கலக்கினவன். நீர் என்னத்தைக் கலக்கினனீர்? குறட்டை விட்டவனைப் போய் நாடு கடத்தினா அந்த வழக்கத்துக்கே மரியாதை இல்லை."

"நானும் உங்க பேரைத்தான்..."

"தெரியும். கோழி கிண்டின மாதிரி எழுத்து. ஆனா சரியான ஆளுக்குத்தான் போட்டிருக்கிறீர்."

மனுகாவ் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டில் இடம் இருக்கிறதாம். அங்கிருந்து இனி இந்தப் பக்கத்து வேலைக்குத் தன்னால் வர முடியாது, காலையில் போய்க் கேட்டுப்பாரும் என்று உணவகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததுமே பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதருக்காக வருத்தப்பட்டேன். எனக்காக ஒரு பெருமூச்சு விட்டேன். வீட்டுக்குத் திரும்பி, மழைச் சத்தத்தைக் கேட்டபடி இரண்டு பக்கமும் புரண்டு படுத்தேன்.

மறுநாள் காலை உணவகத்துக்குப் போனேன். மதுரைக்காரச் சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, நீதானா அது? வியாழக்கிழமையே உங்க அண்ணன் சொல்லிட்டாரே! திங்கக்கிழமையிலிருந்து எனக்குப் பதிலா ஒரு பையன் வருவான், குறட்டை விடுவான், ஆனா கை சுத்தம்னு."

வாக்கெடுப்பு நடந்தது ஞாயிற்றுக்கிழமை.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு தட்டு கை நழுவி உடைந்தது. சில்லுகளைக் கூட்டி எடுத்தேன், குப்பையில் போடவில்லை. பத்து வருஷம் கழித்து அவர் திரும்பி வரும்போது கேட்பார்.