பொட்டலம் கட்டாத கச்சாயக்காரர்

எழுபதுகளில் பாலக்காட்டு எல்லையோரத்தில் ஆக நல்ல கச்சாயம் சுட்டவரும், சாமியிடமே நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கும்பிடக்கூடியவரும் ஒரே ஆள்தான். எருத்தேன்பதியில் பஸ் நிற்கும் இடத்தில் அடுப்பு போட்டிருந்த அவரை ஊரே 'ஆருங்க' என்றுதான் சொல்லும். யார் போய் நின்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

கச்சாயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகு சேர்த்து, எண்ணெயில் ஊற்றிச் சுடுவது. கொங்குப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இவருடையதில் விளிம்பு மொறுமொறுவென்று நொறுங்கும், நடு பஞ்சாக இருக்கும், விழுங்கிய பிறகும் தொண்டையில் ஒரு வாசம் நிற்கும். சுக்கு என்றார்கள், ஜாதிக்காய் என்றார்கள், யாருக்கும் பிடிபடவில்லை. அதைத் திருட பொள்ளாச்சி ஓட்டல்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள் என்பது அவருடைய தீர்மானம். ஆகவே பொட்டலம் கிடையாது. பூவரச இலையில் வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே தின்று முடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரம் போய் நின்றேன்.

"ஆருங்க?"

"புதுசா வந்த வாத்தியாருங்க."

"வாத்தியாருன்னா பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்க்கலாம்."

"நான் தமிழ் வாத்தியாருங்க."

"அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புனாங்களாக்கும்?"

வேறு வழியில்லாமல் ஆரம்பித்து, ஏழு பதினாறில் திணறி நின்றேன். அன்றைக்கே என் பெயர் கெட்டது. அதன்பின் நான் தின்னும்போதெல்லாம் என் தாடையையே பார்ப்பார். "மெதுவா மெல்லாதீங்க. பசிக்கறவன் வெரசா முழுங்குவான். வேவு பார்க்கறவனுக்குத்தான் இத்தனை நேரம் புடிக்கும்."

ஒரு மலையாள லாரி டிரைவர், "சேட்டா, ரெண்டு நெய்யப்பம்" என்று கேட்டுவிட்டார். "இதுல நெய்யுமில்ல, அப்பமுமில்ல. வண்டிய எடு" என்று விரட்டினார். ஒரு கண்டக்டர் பாதிக் கச்சாயத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது, கரண்டியோடு போய் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். கண்டக்டர் படியில் நின்று தின்று, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

இந்த நேரத்தில்தான் என் மனைவி சரஸ்வதிக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதைத் தின்றாலும் வாந்தி. இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தவள், "அந்த பஸ் ஸ்டாண்டு கச்சாயம் இருந்தா ஒண்ணு திம்பேனுங்க" என்றாள்.

கேட்டால் தரமாட்டார். மடக்கிய குடைக்குள் ஒன்றை நழுவவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் துணியில் ஊறிவிட்டது.

"ஏனுங், கொடைக்கும் எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டறீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். அவர் குடையை உதறி, விழுந்ததை எடுத்து அடுப்பில் போட்டார். "நம்பறதுக்கில்லீங்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஒரு குரல். "ஆருங்க மாசமா இருக்கறது?"

தலையில் கூடை. அதில் இரும்படுப்பு, வாணலி, எண்ணெய். கையில் துணியால் வாய் கட்டிய மாவுப் பானை. விசாரணைக்கு வந்திருக்கிறார்! சரஸ்வதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கால்களைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உக்காரு கண்ணு" என்றார். அவர் வாயில் சந்தேகம் இல்லாத பேச்சை அன்றைக்குத்தான் கேட்டேன்.

உடனே என் பக்கம் திரும்பினார். "நீங்க செவுத்தைப் பார்த்து நில்லுங்க."

என் வீட்டில், தண்டனை வாங்கிய மாணவன் மாதிரி நான் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் எண்ணெய் சீறியது. அவள் கடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வாந்தி வரவில்லை.

"அவ மட்டும் பார்க்கலாமாங்க?" என்றேன்.

"அது தாயி. நீங்க வாத்தியாருன்னே இன்னும் ருசுவாகலியே."

அதற்குப் பிறகு தினமும் கடையை நாலு மணிக்கே மூடிவிட்டு வந்தார். ரகசியத்தைச் சரஸ்வதியிடம் சொல்லியும் விட்டார். என்ன போடுகிறார் என்று கேட்டால், "உங்ககிட்ட சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்க" என்பாள். இன்றுவரை சொல்லவில்லை.

ஒன்பதாம் மாதம் அவளை உடுமலையில் அவள் தாய் வீட்டில் விட்டு வந்தேன். வலி எடுத்து இரண்டு நாளாகியும் பிரசவம் ஆகவில்லை, புறப்பட்டு வரவும் என்று தந்தி வந்தது. தந்தியும் கையுமாக பஸ்ஸுக்குக் காத்து நின்ற என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. பஸ் வருவதற்குள் தபால்காரர் இரண்டாவது தந்தியோடு ஓடி வந்தார்.

"பொண்ணுங்க! ரெண்டு பேரும் சொகமா இருக்காங்களாம்" என்று கத்தினேன். எப்படியும் ருசு கேட்பார் என்று தந்தியை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. மளமளவென்று அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு முகத்தைத் தாழ்த்திக்கொண்டு ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டேயிருந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.