அள்ளு வண்டிக்கு முன்னால் ஒரு சைக்கிள்

"அம்மா, வண்டியில ஏறிடுங்க."

"எதுக்கு?"

வேன் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். ஆறு வருட சர்வீசில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. கதவைத் திறப்பதற்குள் மூச்சிரைக்க உள்ளே வந்து விழுகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

அவர் ஓட்டுவது அள்ளு வண்டி. தீபகற்பத்தின் அடியில் கிளம்பி, கடலோரமாகவே மலை மலையாக ஏறி இறங்கி, முனையிலுள்ள படகுத்துறையில் முடிகிற எண்பது கிலோமீட்டர் சைக்கிள் பயணம் அது. நடுவழியில் முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அந்த வேன் கடைசியில் வரும். கூரைமேல் ஒரு உபரி சைக்கிள், உள்ளே முதலுதவிப் பெட்டி, இரண்டு கூடை வாழைப்பழம். வேலைக்கு விதி ஒன்றே ஒன்றுதான். கடைசி ஆளுக்கு முன்னால் வேன் போகக் கூடாது.

போன வருடம் வேன் முன்னால் போய்விட்டது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த ஒரு ஆளைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார். அந்த ஆள் மூன்று மணி நேரம் கழித்துச் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். பயணத்தை நடத்தும் மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க உங்க வீட்டு வாசல்லயே வண்டி ஓட்டிக்கலாம்."

இன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நண்பகலில் பஞ்சரான ஒரு பெண்ணுக்கு டயர் மாற்றிக் கொடுத்தார். அவள் அம்பு மாதிரிப் பறந்தாள். கடைசி ஆளே இந்த வேகம் என்றால் மூன்று மணிக்கு வீடு என்று கணக்குப் போட்டபடி வளைவில் திரும்பினால், இந்த அம்மா.

அறுபது வயதிருக்கும். எல்லோரையும் போல ஆரஞ்சு மேல்சட்டை. முதுகில் எண் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய துணிப்பை. மற்றவர்கள் ஒல்லி ரேஸ் சைக்கிளில் போக, இவர் மட்டும் முன்னால் கூடையும் பின்னால் கேரியருமாக, இரும்புக் கட்டில் மாதிரி ஒரு சைக்கிளில்.

"இல்லம்மா, முடியாதவங்களை ஏத்திக்கத்தான் இந்த வண்டி."

"எனக்கு முடியாதுன்னு யார் சொன்னது? சைக்கிள்லயே படகுத்துறைக்கு வந்து சேர்றேன்னு என் பையன்கிட்ட சவால் விட்டிருக்கேன். நீங்க முன்னாடி போங்க."

"நான் முன்னாடி போகக் கூடாதும்மா. கடைசியா வர்றவங்க பின்னாடியே வர்றதுதான் என் வேலை."

"நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மிதித்தார்.

படகுத்துறைக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். வேனின் வேகமானி முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஆடியது. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடியவில்லையே என்பது பாதிக் கவலைதான். ஐந்து மணிப் படகில் அவர் மகள் வருகிறாள். நாலு வருடம் கழித்து வருகிறாள். காலையில் ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னது காதிலேயே நின்றது. "அவ இறங்கும்போது நீங்க அங்க நிக்கலைன்னா, அதே படகுல நானும் ஏறிப் போயிடுவேன்."

மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், அந்த மலைக்குப் பின்னால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை.

பக்கத்தில் போய் ஜன்னலை இறக்கினார். "கொஞ்சம் வேகமா மிதிச்சிருங்கம்மா. இதுதான் கடைசி மேடு."

"அப்படியா? போன மாசம் பஸ்ல போனப்போ இதுக்கப்புறம் மூணு இருந்துச்சே. எடுத்துட்டாங்களா?"

டிரைவர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

அடுத்த யோசனை குறுக்கு வழி. கலங்கரை விளக்கத்துக்குப் போகும் மண்பாதையில் இறங்கினால் இரண்டு மேடு மிச்சம். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அதில் போயிருக்கிறார். "நீங்க சொன்னா சரி" என்று அந்த அம்மாவும் திரும்பினார். பாதை நன்றாகத்தான் இறங்கியது. இறங்கி, கடற்கரையைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. இந்தப் பத்து வருடத்தில் மீதிப் பாதையைக் கடல் கொண்டுபோயிருந்தது.

"பரவாயில்ல, திருப்பிக்கலாம்" என்று வேனைத் திருப்பினார். பின்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, கிணறு வெட்டுகிற மாதிரி ஆழமாகப் போனது. அந்த அம்மா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து பின்னாலிருந்து தள்ளினார். மணல் முழுக்க அவர் முகத்தில் அடித்ததுதான் மிச்சம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "உங்களை யாராவது அள்ளிட்டுப் போக ஒரு வண்டி வருமா?"

"நான்தாம்மா அந்த வண்டி."

இரண்டு பேரும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள். மணி இரண்டரை.

வேறு வழியில்லை. கூரையிலிருந்த உபரி சைக்கிளை இறக்கினார் டிரைவர். சைக்கிளைத் தொட்டு இருபது வருடமிருக்கும். அதிலும் இது ரேஸ் சைக்கிள். சீட் கரண்டி அகலம்தான் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்கக் குனிந்தால் தொப்பை முட்டுகிறது, நிமிர்ந்தால் பிரேக் எட்டவில்லை. பழைய சாலைக்கே ஏறி, முதல் மேட்டின் பாதியில் இறங்கித் தள்ளத் தொடங்கினார். முன்னால் போன அந்த அம்மா வளைவுக்கு வளைவு நின்று அவருக்காகக் காத்திருந்தார்.

"வாங்க வாங்க. இதுதான் கடைசி மேடு."

"கிண்டல் பண்ணாதீங்கம்மா."

"என்ன அவசரம் உங்களுக்கு? அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேர்ந்தா போதாதா?"

"அஞ்சுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தக் கூடாதும்மா! அஞ்சு மணிப் படகுல என் பொண்ணு வர்றா."

மூன்றாவது மேட்டில் அந்த அம்மாவும் இறங்கித் தள்ளினார். பக்கத்துப் பக்கத்தில் நடந்தபோது, ஏனென்று தெரியாமல், டிரைவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மகள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். பையன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நான் வரலைன்னா கல்யாணம் நிக்கும்னு நினைச்சேன். பையனோட அம்மா முன்னால நின்னு நடத்தி வச்சுட்டாங்க! அந்தம்மாதான் எல்லாத்துக்கும் காரணம். பெரிய ராங்கிக்காரி."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குப் புரையேறியது. நெடுநேரம் இருமினார்.

"நீங்க அவங்களைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்க்கிறதா! அந்த வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

"சரிதான்" என்றார் அந்த அம்மா. கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளினார். பிறகு கேட்டார். "பொண்ணைப் பார்த்ததும் என்ன சொல்லப் போறீங்க?"

டிரைவர் நின்றுவிட்டார். "தெரியலைம்மா. நாலு வருஷமா யோசிக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒண்ணு தோணும். எல்லாமே சண்டையிலதான் முடியும்."

"ஒண்ணும் சொல்லாதீங்க. பையை வாங்கிக்கங்க. அது போதும்."

உச்சிக்கு வந்தபோது மணி நாலேகால். இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் வெயிலில் தகதகத்தது, வலது பக்கம் மேக நிழலில் கறுத்திருந்தது. நடுவில் சாலை ஒரு நாடாபோல வளைந்து வளைந்து கீழே போய்ப் படகுத்துறையைத் தொட்டது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி ஊர்ந்து வந்தது. அதுதான் படகு. இத்தனை வருடமாக இந்த உச்சியை டிரைவர் வேன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே தாண்டியிருக்கிறார். இங்கே காற்று இப்படி அடிக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"பிரேக்கை மெதுவா பிடிங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சைக்கிளை இறக்கத்தில் விட்டார்.

முதல் கிலோமீட்டர் முழுக்க டிரைவர் அலறினார். இரண்டாவதில் அலறல் சிரிப்பாக மாறியது. எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. இரும்புக் கட்டில் சைக்கிளின் கூடை தடதடக்க முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாவும் சிரிப்பது கேட்டது.

படகுத்துறையில் பயண முடிவுப் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். படகு வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கையில் பட்டியலோடு ஓடி வந்தார்.

"எங்கய்யா போனீங்க? வேன் எங்க?"

"மணல்ல இருக்கு சார், அது பெரிய கதை. ஆனா விதியை மீறல. கடைசி ஆளுக்குப் பின்னாடியேதான் வந்திருக்கேன். பாருங்க!"

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா முதுகுப் பையைக் கழற்றிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் எண்ணே இல்லை.

"கடைசி ஆள் ரெண்டு மணிக்கே வந்தாச்சே! பஞ்சரான அந்தப் பொண்ணுதான். இந்தம்மா யாரு?"

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. டிரைவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் கனமான பையை வாங்கிக்கொண்டார். மகள் அவரைப் பார்த்தாள். மணலும் வியர்வையுமாக நின்ற அந்த அம்மாவைப் பார்த்தாள். இரண்டு சைக்கிளையும் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என் மாமியார் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொன்னீங்களேப்பா, இப்ப நீங்களே போய் அவங்களைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா!"